சொன்ன நாளில் வருகிற பிள்ளை

மும்பை மாட்டுங்காவில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், மூன்றாவது மாடி. எண்பத்து மூன்று வயது மாமி ஒருவர் தனியாக இருந்தார். அவர் வீட்டுக் காலண்டரில் செவ்வாய்க்கிழமைகளுக்கு மட்டும் பென்சிலால் வட்டம் போட்டிருக்கும். அன்றைக்கு ஒரு காலேஜ் பையன் வருவான், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவான். செமஸ்டர் பரீட்சை வந்தது. இரண்டு வாரம் அவன் போகவில்லை, போக முடியாது என்று சொல்லவும் இல்லை. மூன்றாவது வாரம் போனபோது மாமி ஒன்றும் கேட்கவில்லை, வழக்கம்போல காபி கலந்து கொடுத்தார். காலண்டரில் அதற்கு மேல் வட்டம் இல்லை.

முதியவர்களைப் பார்த்துவர இளைஞர்களை அனுப்பும் எங்கள் குழுவிலிருந்து அந்தப் பையனை அனுப்பியது நான். எப்படிப் பேச வேண்டும், எப்படி உட்கார வேண்டும் என்றெல்லாம் அரை நாள் வகுப்பு எடுத்த நான், வர முடியாத வாரத்தில் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு என்று மட்டும் சொல்லாமல் விட்டேன். இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகளில் பாதி அந்தக் காலண்டரைப் பார்த்த பிறகு தோன்றியவை.

ஆளுக்கு இரண்டு வீடு

புதிதாகக் குழுவில் சேருகிறவர்கள் முதல் வாரம் இருக்கிற உற்சாகத்தில் ஆறு வீடு எடுத்துக்கொள்கிறேன் என்பார்கள். கொடுக்காதீர்கள். ஆளுக்கு இரண்டு வீடு, வாரத்தில் ஒரு நாள். இருவர் சேர்ந்துதான் போக வேண்டும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் இயக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம்தான் அதற்கு விதை. பிற்பாடு அந்தந்த ஊர்க்காரர்களே தொண்டர்களாகச் சேர்ந்து அதை நடத்தினார்கள். தொண்டரிடம் அவர்கள் கேட்டது வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான். அந்த இரண்டு மணி நேரத்தை விடாமல் கொடுத்தவர்களால்தான் அது ஊர் ஊராகப் பரவியது.

கல்லூரி என்.எஸ்.எஸ்.ஸிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1969-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை காட்ட வேண்டும். இந்தச் சந்திப்பையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், தப்பில்லை. கையெழுத்து வாங்கும் நோட்டைப் பாட்டிக்கு முன்னால் மட்டும் நீட்டாதீர்கள். தன்னைப் பார்க்க வந்தார்களா, மணியைப் பார்க்க வந்தார்களா என்பது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். கையெழுத்தைக் குழுப் பொறுப்பாளர் போட்டால் போதும்.

கதவு தட்டுவதற்கு முன்னால்

தெருவில் இறங்கி வரிசையாகக் கதவைத் தட்டிக்கொண்டு போவது இந்த ஊரில் நடக்காது, நடக்கவும் கூடாது. உங்களை யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். தாராவியில் அது மளிகைக்கடை அண்ணாச்சியாக இருக்கலாம், கோயில் கமிட்டிக்காரராக இருக்கலாம், சர்ச்சிலோ பள்ளிவாசலிலோ பொறுப்பில் இருப்பவராக இருக்கலாம், அங்கன்வாடி டீச்சராகவும் இருக்கலாம். மாட்டுங்காவில் சொசைட்டி செயலாளர், ஆஸ்திக சமாஜத்துக்கோ பஜன சமாஜத்துக்கோ நாள் தவறாமல் போகிறவர், இல்லாவிட்டால் முப்பது வருடமாக அதே வீடுகளுக்குப் பூ கொடுக்கிற பூக்காரர். அவர் முதல் நாள் வாசல் வரைக்கும் வந்து, "இது நம்ம பிள்ளைங்கதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் அடையாள அட்டை, லெட்டர்ஹெட், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு அடுத்தபடிதான்.

தாராவியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அதன்பின் மாநகராட்சி ஆட்களும் டாக்டர்களும் உடல் முழுக்க மூடிய கவச உடையோடு வீடு வீடாக ஏறிக் காய்ச்சல் பார்த்தார்கள். அந்த வேலை தாராவியைக் காப்பாற்றியது. ஆனாலும் அந்த நாட்களில் கதவு தட்டப்பட்டால், வீட்டில் ஒருவரைப் பிரித்துக் கொண்டுபோய் விடுவார்கள் என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு 2024 மார்ச்சில் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான வீடு வீடான சர்வே தொடங்கியது. வீட்டில் நம்பர் போட்டார்கள், ஆவணம் கேட்டார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாகக் காட்ட முடிந்தவருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு, மற்றவர்களுக்கு வேறு கணக்கு. ஒரு தேதியில் ஒரு குடும்பத்தின் தலைவிதி தொங்குகிறது.

இப்போது நீங்கள் கையில் கிளிப் அட்டையும் பேனாவுமாகப் போய், "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க? வீட்ல மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? பதில் சொல்வார்கள். சொல்லுகிற பதில் சர்வேக்காரனுக்குச் சொல்லி வைத்த பதிலாக இருக்கும். அதனால் தாராவி வீட்டுக்குள் காகிதம் எடுத்துப் போகாதீர்கள், படம் பிடிக்காதீர்கள். குறித்துக்கொள்ள வேண்டியதை வெளியே வந்து, 90 அடி ரோட்டில் டீ குடிக்கும்போது குறித்துக்கொள்ளுங்கள். சர்வேயைப் பற்றி அவர்களாகக் கேட்டாலும் உங்களுக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். நீங்கள் வாய்தவறிச் சொல்கிற ஒரு வார்த்தை சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கப் பரவிவிடும்.

எந்த நேரம்

தண்ணீர் வருகிற நேரத்தில் போகக்கூடாது என்பது பால பாடம். குழாயில் தண்ணீர் வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும், பாட்டி உட்பட. இட்லி வியாபாரக் குடும்பமென்றால் இன்னொன்றும் பாருங்கள். மும்பை முழுக்கச் சைக்கிளில் போகிற இட்லியில் பெரும்பங்கு தாராவித் தமிழர் வீடுகளில் விடியற்காலை இருட்டிலேயே வேகிறது. அவர்களுக்குக் காலை பதினொரு மணி என்பது தூங்குகிற நேரம். முறுக்கு சுடுகிற வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது பத்தடிக்குப் பத்தடி அறையில் இன்னும் இரண்டு பேர் நுழைந்தால் ஆபத்துகூட. சாயங்காலம் நாலரை மணி எனக்குச் சரிப்பட்டு வந்த நேரம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அதுவே பொருந்தும். மதியத் தூக்கம் முடிந்திருக்கும், சீரியல் தொடங்கியிருக்காது.

மழைக்காலத்தில், கடல் ஏற்றமும் கனமழையும் சேர்ந்து வருகிற நாளில் கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் தண்ணீர் நிற்கும். அன்றைக்குப் போக வேண்டாம், போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்களே உங்களைப் பற்றிக் கவலைப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மாட்டுங்கா படியேற்றம்

மாட்டுங்காவில் இடைஞ்சல் வேறு மாதிரி. வாட்ச்மேனின் ரிஜிஸ்டர், இன்டர்காம், சங்கிலி போட்ட கதவு. பிள்ளைகள் நியூஜெர்சியிலோ பெங்களூரிலோ இருப்பார்கள், வீடியோ காலில் தினமும் பேசவும் செய்வார்கள். வயதானவர்களைப் போனில் மிரட்டி "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சொல்லிச் சேமிப்பைப் பறிக்கும் கூட்டத்தைப் பற்றிய செய்திகள் வந்தபடி இருப்பதால், தெரியாத இளைஞர்களை வீட்டுக்குள் விடாதே என்று அந்தப் பிள்ளைகள் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருப்பார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் முதலில் அந்த மகனிடமோ மகளிடமோ போனில் பேசுங்கள். உங்கள் பெயர், கல்லூரி, குழுப் பொறுப்பாளரின் நம்பர் எல்லாம் கொடுங்கள். அங்கே காலை, இங்கே ராத்திரி என்று நேரம் பார்த்துப் பேசுவது கொஞ்சம் தொல்லைதான். ஆனால் ஒருமுறை அந்த மகளுக்கு நம்பிக்கை வந்துவிட்டால் அப்புறம் அவரே உங்களைத் தேடுவார்.

லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் மூன்றாம் மாடியிலிருந்து மாதக்கணக்கில் கீழே இறங்காதவர்கள் இருக்கிறார்கள். நடந்து போகிற தூரத்தில் கோயில், அதே தெருவில் பூக்கடையும் காபிப்பொடிக் கடையும். எல்லாம் பக்கத்தில் இருந்தும் இல்லாத மாதிரிதான். அவர்களைக் கீழே கூட்டிப்போகிறேன் என்று ஆர்வத்தில் கையைப் பிடித்துக் கிளம்பிவிடாதீர்கள். இறங்குவது சுலபம், திரும்பி ஏறுவதுதான் பாடு. குடும்பத்தைக் கேட்டு, டாக்டரைக் கேட்டு, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார ஒரு ஸ்டூல் ஏற்பாடு செய்துகொண்டுதான் செய்ய வேண்டும். ஒரு தாத்தாவை இப்படிக் கீழே இறக்கிவந்து வாசல் பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார வைத்தோம். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை மாற்றியிருப்பதைக் கவனித்து, "எப்படா மாத்தினான்?" என்று கேட்டார். மாற்றி நாலு வருடம் ஆகியிருந்தது.

தனிமைக்கு ஆள் அனுப்புகிற யோசனை இந்த நகரத்துக்குப் புதிதில்லை. ஷீலு ஸ்ரீனிவாசன் 1995-ல் மும்பையில் தொடங்கிய டிக்னிட்டி ஃபவுண்டேஷன், முதியோருக்குத் துணையாகத் தொண்டர்களை அனுப்பும் வேலையை அப்போதே கையில் எடுத்தது. உங்கள் குழுவுக்கு மீறிய விஷயம் வந்தால், மறதி நோய் போல, இப்படிப்பட்ட அமைப்புகளிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

செம்பூரும் அதற்கு அப்பாலும்

செம்பூரில் உரத் தொழிற்சாலை, சுத்திகரிப்பு ஆலைகள், அணுசக்தி மையம் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. இவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் பேச்சுத் துணையும் போனில் ஒரு சின்ன உதவியும். செட்டா நகர் முருகன் கோயிலின் 108 படிகளை ஒருகாலத்தில் மூச்சு வாங்காமல் ஏறியதாக உங்களிடம் குறைந்தது நாலு பேராவது சொல்லுவார்கள். ஐந்தாவது முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேளுங்கள்.

இன்னும் கிழக்கே டிராம்பே பக்கம் சீட்டா கேம்ப். 1976-ல் அணுசக்தி மையத்துக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டு, அங்கிருந்த குடும்பங்கள் மொத்தமாக இங்கே கொண்டுவந்து விடப்பட்டன. அந்த இடிப்பை எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். பிற்காலத்தில் மகசேசே விருதும் (2000) பத்மஸ்ரீயும் (2011) பெற்று, 2018-ல் மறைந்தார். சீட்டா கேம்பில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், "ஜனதா காலனியில உங்க வீடு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் அதற்குப் பிறகு பேச வேண்டியிருக்காது.

உட்கார்ந்த பிறகு

செருப்பை வெளியே விடுங்கள், ஆனால் அடுத்த வீட்டு வாசலை அடைத்து விடாதீர்கள். கட்டிலில் உட்காராதீர்கள், அது ஒருவருடைய படுக்கை. தரையில் உட்காரச் சொன்னால் தரையில், நாற்காலி கொடுத்தால் நாற்காலியில். தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும். டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வயிறு இடம் கொடுக்காவிட்டால், "அரை டம்ளர் போதும்" என்று சொல்லலாம். வேண்டாம் என்பதற்கு நீங்கள் நினைக்கிற அர்த்தம் வேறு, அந்த வீட்டில் எடுத்துக்கொள்கிற அர்த்தம் வேறாக இருக்கும். உங்கள் தாத்தா காலத்தில் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே காரணத்துக்காக, "சொந்த ஊர் எது?" என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுகூட அவர்களாகச் சொல்லட்டும். "அங்க எந்தத் தெரு?" என்று அடுத்துக் கேட்டால் அது சாதி கேட்பது. தாராவித் தமிழர்களில் பெரும்பாலோர் பழைய திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்தவர்களின் வாரிசுகள். ஊரிலிருந்து கிளம்பியதற்குப் பலருக்கு வறுமை மட்டும் காரணமில்லை. கேட்க வேண்டுமென்றால் இப்படிக் கேளுங்கள்: "மொதமொதல்ல தாதர்ல எறங்கினப்ப உங்களைக் கூட்டிட்டுப் போக யார் வந்தா?" இதற்கு எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது.

கூப்பிடுகிற முறையில் கவனம் வேண்டும். நெல்லைக்காரப் பாட்டிகளில் ஆச்சி என்றால் சிலருக்கு இனிக்கும், சிலர் வீட்டில் அந்த வழக்கமே இருக்காது. மாட்டுங்காவில் மாமா, மாமி. கிறிஸ்தவ வீட்டில் பெரியவர்கள் "ஸ்தோத்திரம்" என்றால் திரும்பச் சொல்லுங்கள், இஸ்லாமிய வீட்டில் சலாமுக்குப் பதில் சலாம். ஐயமாக இருந்தால் அந்த வீட்டுக் குழந்தை எப்படிக் கூப்பிடுகிறதோ அப்படியே கூப்பிடுங்கள். ஆன்ட்டி, அங்கிள் மட்டும் வேண்டாம்.

மும்பையில் பிறந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டத்தான் தெரியும். மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளி நடத்தினாலும் பெற்றோர் இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்புகிறார்கள். இதைக் குறையாக நினைத்து நீங்கள் கூச்சப்பட வேண்டாம். எங்கள் குழுவில் ஒரு பெண், கண் மங்கிப்போன ஆச்சி ஒருவருக்குத் தினத்தந்தி படித்துக்காட்டப் போனாள். முதல் வரியிலேயே தடுக்கினாள்.

"அது கழகம்ட்டீ. நீ கலகம்னு படிக்கியே, அங்கன சண்டையா நடக்கு?"

அவள் திருத்திப் படித்தாள். மறுபடி லகரம்தான் வந்தது.

"நாக்க மடக்கு. இன்னும் உள்ள. ஆங்."

ஒரு மணி நேரத்தில் கால் பக்கம்தான் நகர்ந்தது. அடுத்த வாரம் ஆச்சி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாராம்: "அந்தப் பிள்ளைக்கு நாந்தான் தமிழ் படிச்சுக் குடுக்கேன்." அந்த வீட்டில் யார் யாருக்கு உதவி செய்யப் போனார்கள் என்று நான் பிறகு கேட்கவில்லை. அந்தப் பெண் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

மருமகளுக்கு ஒரு மணி நேரம்

முதியவரைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்த முதியவரை இருபத்து நாலு மணி நேரமும் பார்த்துக்கொள்கிறவரை மறந்துவிடுவது நம்மிடம் இருக்கிற பெரிய குறை. பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமனார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய தையல் வேலை, நடுவில் ஒரு மருமகள். நீங்கள் போய் உட்கார்ந்து பேசினால் அவர் டீ போட வேண்டும். அதாவது உங்களால் அவருக்கு ஒரு வேலை கூடுகிறது.

இரண்டாம் மாதத்துக்குப் பிறகு, பழக்கம் ஏற்பட்டதும், இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, நாங்க ஆறு மணி வரைக்கும் தாத்தாகூட இருக்கோம். நீங்க எங்கயாவது போகணும்னா போயிட்டு வாங்க." முதல் தடவை போக மாட்டார். இரண்டாம் தடவையும் மாட்டார். மூன்றாவது தடவை கடைக்குப் போவார், பத்து நிமிடத்தில் ஓடி வந்துவிடுவார். அப்புறம் ஒருநாள் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு முகம் தெளிந்து வருவார். அந்த ஒரு மணி நேரத்தில் தாத்தாவுக்கு மூத்திரம் வந்தால் யார் என்ன செய்வது, மூச்சுத் திணறினால் எந்த நம்பருக்குப் போடுவது என்பதை முன்கூட்டியே அந்த அக்காவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடமாட முடியாதவருக்குத் தாராவியில் பெரிய பிரச்சினை கழிப்பறைதான். பெரும்பாலான வீடுகளுக்குச் சந்து முனைப் பொதுக் கழிப்பறைதான் கதி. இதைப் பேசக் கூச்சப்படுகிறவர்களை அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

மாமியார் மருமகளைப் பற்றிச் சொல்லுவார், மருமகள் மாமியாரைப் பற்றிச் சொல்லுவார். இரண்டு காதும் உங்களுடையதுதான். வாய் மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டாம். "அப்படியா" என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும், அது அடுத்த வாரம் சாட்சியாக இழுக்கப்படும்.

மருந்து, பணம், போன்

மருந்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லாதீர்கள், ஃபார்மஸி படிக்கிறவரானாலும் சரி. அட்டையில் தேதி முடிந்திருந்தால், ஒரே மாத்திரை இரண்டு பெயரில் இருந்தால், குடும்பத்திடம் காட்டி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். கீழே விழுந்தவரைக் கண்டதும் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், இடுப்பெலும்பு முறிந்திருந்தால் தூக்குவதே கேடு. எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், தலையணை வையுங்கள், ஆள் கூப்பிடுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ எலுமிச்சை ஜூஸ் கொடுத்துப் பார்ப்போம் என்று யாராவது சொல்வார்கள், விடாதீர்கள். உடனே 108. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் சயான் ஆஸ்பத்திரி பக்கம்தான்.

பணத்தைத் தொடக்கூடாது. ஏடிஎம் கார்டு, பின் நம்பர், ஓடிபி எதையும் கேட்கவும் கூடாது, அவர்களாகச் சொன்னால் காதில் வாங்கவும் கூடாது. ஏமாந்துவிட்டேன் என்று யாராவது அழுதால், 1930-க்கு அப்போதே போன் போட வையுங்கள். நேரம் கடந்தால் பணம் கை மாறிவிடும்.

போனில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது. ஓய்வூதியக்காரர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியத்தில் எண்பது வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம். பி.எஃப். ஓய்வூதியக்காரர்கள் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் முறையில் விரல் ரேகை வைத்தால் போதும். ஆனால் ஆயுள் முழுக்கத் தோலோடும் சோடாவோடும் உழைத்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? மெஷின் மூன்று தடவை மறுத்தால் பெரியவருக்குக் கண் கலங்கிவிடும். முகத்தைக் காட்டிச் சான்று எடுக்கும் வசதி இப்போது போனிலேயே இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருக்க, அவர்கள் போனிலேயே செய்து கொடுங்கள்.

ஓய்வூதியமே இல்லாதவர்களுக்கு மாநில அரசின் சிராவண் பாள் திட்டம் உண்டு. 65 வயது ஆகியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாத உதவி 2023-ல் 1,500 ரூபாயாக உயர்ந்தது. விண்ணப்பம் மராத்தியில். அது மும்பையில் படித்த உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. எழுபது தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் கேட்டுப் பாருங்கள், அதற்கு வருமான வரம்பு இல்லை.

கண்ணில் பட்டுவிட்டால்

கையில் நீலம் பாரித்திருக்கும். "கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்" என்பார். அடுத்த தடவை வேறு இடத்தில். அந்த வீட்டு மகனிடம் நீங்கள் நியாயம் கேட்கப் போகாதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அந்தப் பாட்டி அங்கேதான் இருக்க வேண்டும். அன்றைக்கே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வாங்கித்தரத் தீர்ப்பாயம் இருக்கிறது. பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை ரத்து செய்யவும் அதில் வழி உண்டு. ஆனால் பெற்ற பிள்ளை மேல் புகார் கொடுக்க எந்தத் தாயும் முதல் மாதத்தில் சம்மதிக்க மாட்டாள். தகவலைச் சொல்லி வையுங்கள், முடிவு அவருடையது.

அடி வாங்குவது மருமகளாகவோ சின்னப் பெண்ணாகவோ இருந்தால், தாராவியில் ஸ்நேஹா அமைப்பின் ஆலோசனை மையத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சயான் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைப் பிரிவைக் கட்டியெழுப்பிய டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-ல் தொடங்கியது. அந்தந்தச் சந்துப் பெண்களையே பழக்கி வீடு வீடாகப் போக வைத்தவர்கள் அவர்கள். ஒரு வீட்டில் அடி விழுகிறது என்பது நமக்குத் தெரிய மாதங்கள் ஆகும். பக்கத்து வீட்டுக்காரிக்கு முதல் நாளே கேட்டிருக்கும்.

போகாமல் நிற்கும்போது

ஒருநாள் நீங்கள் போகும்போது வாசலில் செருப்புகள் கூட்டமாகக் கிடக்கும். உள்ளே போங்கள். என்ன பேசுவது என்று தேட வேண்டாம், உட்கார்ந்தால் போதும். வெளியே ஓட ஆள் தேவைப்படும்: ஐஸ் பெட்டி, ஊருக்குப் போன், வார்டு ஆபீஸில் இறப்புச் சான்றிதழ். பதினாறாம் நாள் கழித்து எல்லோரும் கலைந்த பிறகு, உங்கள் பழைய நாளில், பழைய நேரத்துக்குப் போங்கள். அங்கே இன்னொருவர் மிச்சம் இருப்பார்.

வேலை கிடைத்து நீங்கள் புனேவுக்கோ சென்னைக்கோ போகிற நாளும் வரும். மூன்று வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். உங்கள் இடத்துக்கு வருகிறவரை இரண்டு முறை கூடவே கூட்டிக்கொண்டு போங்கள், மூன்றாவது முறை நீங்கள் இல்லாமல் அவர் போகட்டும். வீட்டைப் பற்றிய குறிப்பை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வயது, வியாதி எல்லாம் பொறுப்பாளரிடம் இருக்கிறது, அதைத் திரும்ப எழுத வேண்டாம். தினத்தந்தி படித்த அந்தப் பெண் போகும்போது எழுதிக் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது:

"வலது காது கேக்காது, எடது பக்கம் உக்காரு. டீக்கு சர்க்கரை வேணாம்னு ரெண்டு தடவை சொல்லு, அப்பவும் போடுவாங்க. பேப்பர் படிக்கும்போது தப்பு வந்தா நிறுத்தாதே, அவங்க திருத்துவாங்க. ழ சரியா வந்துட்டா கொஞ்சம் ஏமாத்தமா இருப்பாங்க. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதே, அன்னைக்கு அவங்க பேத்தி வருவா."

மூன்று இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது, இங்கே நான் திருத்திவிட்டேன். ழகரங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன.